அவசர டெய்லரின் லேயர் மூட்டை

கடை போர்டில் என்ன எழுதியிருந்தாலும் தெருவுக்கு அவர் ‘அவசரம்’தான். “பேன்ட்ட அவசரத்துகிட்ட குடுத்தியா?” “அவசரம் கடையோரமா நில்லு, வர்றேன்.” அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு என்று வாங்கிய துணியைப் புதன்கிழமையே தைத்துத் தொங்கவிட்டுவிட்டு, ஆள் வந்ததும் சுவர்க் காலண்டரை ஒரு விரலால் தட்டிக் காட்டுவார். வாய் திறக்கமாட்டார். அந்த ஒரு தட்டலில் ஊரிலிருக்கும் மற்ற டெய்லர்கள் அத்தனை பேரும் அடிபட்டு விழ வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

சட்டை முதல் சலவை வரைக்கும் நன்றாகவே இருக்கும். துணியை நனைத்து, காயவைத்து, அது சுருங்கவேண்டிய மட்டும் சுருங்கிய பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும். தொழில் பழகப் போகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அவசரத்துக்கு அந்த ஒரு நாள் வீண். அப்படியே விரித்து, சாக்கட்டியால் இரண்டு கோடு இழுத்து, வெட்டிவிடுவார். முதல் தண்ணீர் பட்டதும் கை மணிக்கட்டை விட்டு மேலே போகும். பேன்ட் கணுக்காலைக் காட்டும். கேட்டால், “மில்லுக்காரன் பண்ற கோளாறு சார், இப்பல்லாம் நூலே சரியில்ல” என்பார். அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் ஆற்றில் இறங்கப் போகிறவர்களைப் போலவே நடமாடினார்கள். அப்படியும் அவரிடமே வந்தார்கள். உடனே கிடைக்கிறது என்றால் மனிதர்கள் எதையும் உடுத்திக்கொள்வார்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு வீட்டுப் பக்கம், சமையலறை ஜன்னலோரம், ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்து அவருடைய மனைவி பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தாள். கல்யாணமான மறுமாதம் உட்கார்ந்தவள். மகளைப் பெற எழுந்தாள், பிறகு மறுபடி உட்கார்ந்தாள். அவசரம் மிஷினில் கடகடவென்று சட்டையை அடித்துத் திரைக்கு மேலாக எறிவார். அது அவள் மடியில் வந்து விழும். பொத்தான் துளையை எறிந்து முடிக்க முடியாது. வெட்டி, ஓரம் பிரியாமல் நெருக்கி நெருக்கி நூலைச் சுற்றி, முடிச்சைத் தெரியாமல் மறைக்க வேண்டும். ஊர் மெச்சிய அந்த வேகத்தின் பாதி அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததில்லை.

போன வருஷத்திலிருந்து அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வாசல் வெளிச்சம் தேவைப்பட்டது. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். “இந்த வேலையை விட்டுடுங்கம்மா. வேற வழியில்ல” என்றார்.

“விட்டுட்டு?” என்றார் அவசரம், வீட்டுக்கு வந்ததும்.

“கோழி வளர்க்கறேன்.”

“கோழியா? அதுக்குக் கண்ணு வேணாமா?”

“கோழிக்கு ஊசி கோக்க வேணாம்ல” என்றாள்.

அவள் யோசிக்காமல் சொல்லவில்லை. அவளுடைய தம்பி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தான். “அக்கா, தினம் தவறாம முட்டை தர்றேன்னு நீ சொல்லு, நான் மொத்தக் கடைக்காரனை நிறுத்திடறேன்” என்று சொல்லியிருந்தான். “ஆனா இன்னைக்கு இருக்கு, நாளைக்கு இல்லன்னு சொல்லிடாத. கேக்குக்கு அக்கா தம்பி உறவெல்லாம் தெரியாது.” முட்டை வரத் தொடங்குகிற அன்றோடு காஜா ஊசியைக் கீழே வைத்துவிடுவேன் என்று அவள் கணவனிடம் தெளிவாகச் சொன்னாள். கல்யாணமாகி வந்த பிறகு தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். அவசரம் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கிற அளவுக்கு அவர் காதில் வாங்கவில்லை என்பதே உண்மை.

பெட்டைகளாகப் பார்த்துப் பிரித்துத் தருகிற பண்ணையிலிருந்து குஞ்சுகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் பழைய கட்டிங் மேசையைக் கவிழ்த்து, வலை அடித்து, கொட்டகை ஒன்று தயாரானது. அதுவரை குஞ்சுகளுக்கு அட்டைப்பெட்டி, மேலே ஒரு பல்பு. அவை பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று பல்பை இறக்குவாள். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் ஏற்றுவாள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தாள், குடிக்கப் போன குஞ்சு முங்கிச் சாகாமலிருக்க. தீவனம், கால்நடை டாக்டரம்மா சொன்ன ஸ்டார்ட்டர். பொடியாக உடைத்த தானியம்போல இருக்கும்.

அவசரம் ஒருநாள் எட்டிப் பார்த்தார். “இத்தனூண்டு குஞ்சுக்கு ஸ்பெஷல் தீவனமா? மிச்சச் சோத்தைப் போட்டா தின்னாதா?”

“தின்னும். வயிறு ரொம்பும், உடம்பு வராது. இந்த வயசுலதான் எலும்பும் இறக்கையும் கட்டணும். இப்ப குறைச்சா அப்புறம் கொட்டினாலும் வராது.”

இரண்டு மாதம் ஆனதும் அவள் வளரும் கோழிக்கான குரோயர் தீவனத்துக்கு மாற்றினாள். அதையும் சட்டென்று மாற்றவில்லை. முதலில் ஒரு பிடி கலந்தாள், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முழுசும். அவருக்குப் பார்க்கவே கை பரபரத்தது.

“ஒரே நாள்ல மாத்தித் தொலையேன். கோழிக்குத் தெரியவா போகுது?”

“வயித்துக்குத் தெரியும்.”

“ஒரு மனுஷனுக்கே இந்த வீட்டுல இவ்வளவு பாக்கறதில்ல.”

“மனுஷன் முட்டை போடட்டும், பாக்கலாம்” என்றாள்.

கோழிகள் கொட்டகைக்கு மாறி, கழுத்து நீண்டு, பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பெண்களைப்போலக் காலும் கையுமாக நின்ற நேரத்தில் மகளுக்குப் பிரசவ மாதம் வந்தது. வேறு ஊர், போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். புறப்படுகிற அன்று மனைவி அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் மூட்டையைக் காட்டினாள்.

“இது குரோயர். தீர்ந்தா இதையேதான் வாங்கணும். முதல் முட்டை கண்ணுல படற வரைக்கும் வேற எதுவும் வேணாம். சோறு வேணாம், கிளிஞ்சல் வேணாம். தண்ணி காலையில ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் மாத்தணும்.”

“நான் என்ன குழந்தையா?”

“குழந்தைன்னா சொன்னதைக் கேக்கும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

முதல் மூட்டை தீரும்வரை ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அவசரத்தின் வாழ்க்கையில் அவர் சொன்னபடி நடந்துகொண்ட மிக நீண்ட காலம் அதுவாகத்தான் இருக்கும். இதற்கிடையில் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனபோது மைத்துனன், “என்ன மாமா, முட்டை எப்ப?” என்று சும்மா கேட்டு வைத்தான். யார் எதை ‘எப்ப’ என்று கேட்டாலும் அவசரத்துக்கு உள்ளே ஒரு மிஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

“வந்துடும் மாப்ள. உங்கக்கா சொன்ன நாளுக்கு முன்னாடியே குடுக்கறேன் பாரு.”

தீவனக் கடையில் மூட்டைகள் வரிசையாக நின்றன. குரோயர் மூட்டையில் வெறும் கோழிப் படம். பக்கத்து மூட்டையில் கோழியும், அதன் காலடியில் குவியலாக முட்டையும். அவசரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

“இது?”

“லேயர். முட்டைக் கோழிக்கு.”

“இதைத் தின்னா முட்டை வருமா?”

கடைக்காரர் வந்தவனைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவர். “முட்டைக்குத்தானேங்க செய்யறாங்க. உங்க கோழிக்கு என்ன வயசு?”

“ஆகப் போகுது” என்றார் அவசரம். என்ன ஆகப் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஒரு லேயர் மூட்டையும், முட்டை ஓடு கெட்டிப்பட என்று உபரியாகக் கிளிஞ்சல் தூள் ஒரு பையும் வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவருக்கு மனைவிமேல் இரக்கமாக இருந்தது. முட்டை போடவைக்கும் தீவனம் கடையில் மலைபோலக் கிடக்க, பாவம், பிடி பிடியாகக் கலந்துகொண்டிருக்கிறாளே!

அன்றே மாற்றினார். தட்டு நிறைய லேயர், மேலே கிளிஞ்சல் தூவல். கோழிகள் தின்றன. கோழி எதைத்தான் தின்னாது? சில நாளில் அவை தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்க ஆரம்பித்தன. எச்சம் வெள்ளையாக, கஞ்சித் தண்ணீர்போலக் கழிந்தது. கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த மரத்தூள் நனைந்து நாறியது. அவசரம் அதைக் குனிந்து பார்த்து, “சுண்ணாம்புச் சத்து நல்லா ஏறுது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு அளவு நாடாவை எடுத்துவந்து ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கி வயிற்றைச் சுற்றி அளந்தார். மூட்டை மாற்றிய அன்று அளந்ததைவிட ஓர் அங்குலம் கூடியிருந்தது. எலும்பு துருத்திக்கொண்டிருந்த நெஞ்சை அவர் அளக்கவில்லை. கொண்டை வெளிறிப்போயிருந்தது, அதை நாடாவால் அளக்க முடியாது.

அவள் சாயந்திரம் சாயந்திரம் போன் செய்தாள். பேரன் பிறந்திருந்தான். பேரனைப் பற்றி இரண்டு வார்த்தை, மற்றதெல்லாம் கோழி. சாப்பிடுதா, தூங்கும்போது ஒண்டுதா, கொத்திக்குதா. ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்ற கேள்வி கடைசிவரை வரவில்லை. ஒருநாள் அவசரத்துக்குப் பொறுக்கவில்லை.

“சாப்பிடறதா? முட்டையே போட ஆரம்பிச்சாச்சு.”

“இப்பவேவா? நாலு மாசம் கூட முடியலயே.”

“என் கைராசி.”

பின்னாலிருந்து மகள் சிரிப்பது கேட்டது. “அம்மா, இன்னும் பத்து நாள் முந்தியிருந்தா கோழி என்னையே ஜெயிச்சிருக்கும்!”

மனைவி சிரிக்கவில்லை. “கொண்டை சிவந்திருக்கா?”

“செக்கச்செவேல்னு இருக்கு.”

“என்ன தீவனம் போடறீங்க?”

“நீ காட்டினதுதான்.”

“முட்டை எங்க?”

“உன் தம்பிகிட்ட குடுத்தாச்சு” என்றார். சொல்லி முடித்து போனை வைத்த பிறகுதான், இனி அவனிடம் கொடுத்தாக வேண்டும் என்பது உறைத்தது.

நனைக்காமல் வெட்டிய துணியை எப்படியாவது இழுத்துத் தைத்துவிடலாம் என்பதுதான் அவர் கற்ற வித்தை. மறுநாள் காலையில் இரண்டு தெரு தள்ளி, தம்மைத் தெரியாத மளிகைக் கடையாகப் பார்த்து ஓர் அட்டை முட்டை வாங்கினார். முத்திரை குத்தியிருந்த மையை ஈரத் துணியால் துடைத்தார். நேராகப் பேக்கரிக்குப் போய்க் கல்லா மேசைமேல் வைத்தார். முட்டையெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது.

மைத்துனன் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். “என்ன மாமா, கோழி ஃப்ரிட்ஜுக்குள்ளயா உக்காந்து போடுது?”

“காலைக் காத்து சில்லுனு இருந்துச்சு மாப்ள.”

“முதல் முட்டை சின்னூண்டா இருக்கும்னு அக்கா சொல்லும். இது ஒண்ணொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு.”

“தீவனம் அப்படி.”

மைத்துனன் முட்டையைத் திருப்பினான். அடியில் நீலமாக ஒரு தீற்றல். அவனுக்கு நன்றாகத் தெரிந்த நீலம். அவன் கடைக்கு நாள்தோறும் வருகிற முட்டையிலும் அதே மைதான். மாமாவுக்கு ஒரு டீ போடச் சொன்னான். மாமா அதைக் குடித்துவிட்டு வெற்றியோடு தெருவில் இறங்கியதும், அக்காவுக்குப் போன் போட்டான்.

அவசரம் வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் ஒரு கோழி பக்கவாட்டில் விழுந்து செத்துக் கிடந்தது. சாயந்திரத்துக்குள் இன்னொன்று. வெயில் என்றார். பக்கத்து வீட்டுக்காரியின் கண் பட்டது என்றார். பண்ணைக்காரன் நோஞ்சான் குஞ்சாகப் பார்த்துத் தலையில் கட்டிவிட்டான் என்றார். இவையெல்லாம் அவர் தனியாக, கோழிகளிடம் சொன்னவை. அவை கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் மத்தியானம் மனைவி வந்து இறங்கினாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. பக்கச் சந்து வழியாக நேரே கொட்டகைக்குப் போனாள். மூட்டைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். கிளிஞ்சல் பையைப் பார்த்தாள். ஒரு கோழியைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவினாள். அவசரம் மூன்று காரணங்களோடு பின்னால் வந்து நின்றார். அவள் ஒன்றையும் கேட்கவில்லை. செத்திருந்த கோழிகளில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, டெய்லர் கடைப் பை ஒன்றில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

“டாக்டரம்மாகிட்ட போகணும். தூக்கிட்டு வாங்க.”

அந்தப் பையில் ‘குறித்த நாளுக்கு முன்பே!’ என்று சிவப்பெழுத்தில் அச்சடித்திருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மூன்று தெரு நடந்தார். எதிரே வந்த வாடிக்கையாளர் ஒருவர், “யாருக்குங்க டெலிவரி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மா கோழியைத் தகர மேசைமேல் மல்லாத்தித் திறந்தார். ஈரல்மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் பூச்சு. இதயத்தைச் சுற்றியும் அதே. முதுகோடு ஒட்டியிருந்த சிறுநீரகங்கள் வீங்கி, வெள்ளை நரம்போடியிருந்தன.

“என்ன தீவனம் போட்டீங்க?”

“நல்ல தீவனம்தான் டாக்டர். உள்ளதிலயே உசத்தி” என்றார் அவசரம்.

“லேயர்” என்றாள் மனைவி. “மேல கிளிஞ்சல் வேற.”

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார். “இதுங்களுக்கு இன்னும் முட்டைப் பருவமே வரலயே! முட்டை போடற கோழி தின்ற சுண்ணாம்பு ஓடா வெளிய போயிடும். இதுங்க ஓடு செய்ய ஆரம்பிக்கவே இல்ல. தினம் இவ்வளவு உள்ள போனா எங்கதான் போகும்? கிட்னியிலதான் உக்காரும்.”

“சீக்கிரம் போடட்டுமேன்னு...”

“தீவனத்தைத் தின்னு முட்டை வராதுங்க. உடம்பு வளர்ந்து, கொண்டை சிவந்து, அதுவா ஒரு நாள் ஆரம்பிக்கும். அப்படி வர்ற முட்டைக்கு ஓடு குடுக்கறதுதான் லேயரோட வேலை. நீங்க வராத முட்டைக்கு ஓடு குடுத்திருக்கீங்க.”

“மத்ததெல்லாம் பிழைக்குமா?” என்றாள் மனைவி. கேள்வி அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

“இன்னைக்கே குரோயருக்கு மாத்துங்க. நல்ல தண்ணி எப்பவும் இருக்கட்டும். கொஞ்சம் தேறும். கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போயிடும். கெட்டுப்போன கிட்னி திரும்ப வராதும்மா, பொய் சொல்ல முடியாது.”

திரும்பும் வழியில் அவசரம் கடைக்காரனைத் திட்டினார். மூட்டையில் படம் போட்டவனைத் திட்டினார். தாம் செய்ததெல்லாம் அவள் கண்ணுக்காகத்தான் என்று ஒரு கட்டத்தில் சொன்னார். அதைத் தாமே நம்பவும் செய்தார். அப்படிப்பட்டவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அவள் தீவனக் கடையில் நின்று, குரோயர் மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்து வாங்கி, “தூக்குங்க” என்றாள்.

அடுத்த சில வாரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒவ்வொன்றையும் அவளே குழி தோண்டிப் புதைத்தாள். மிச்சம் நின்றவை மெல்ல மெல்லத் தலை நிமிர்த்தின. தம்பி வந்து வலைக்கு வெளியே நின்று பார்த்தான்.

“இதுங்களை வச்சு தினம் தர முடியாதுக்கா.”

“முடியாது.”

“அப்ப மொத்தக் கடைக்காரனை...”

“நிறுத்தாத. வேற குஞ்சு எடுக்கறேன். முதல்லேருந்து வளர்க்கணும். அரை வருஷம் பொறுப்பியா?”

“பொறுக்கறேன். மாமா பொறுப்பாரா?”

“அவர் பொறுக்க வேணாம். கொட்டகைச் சாவி என்கிட்ட இருக்கு.”

தம்பி போனதும் அவசரத்துக்கு உலகம் பழையபடி ஆகிவிட்டதுபோல இருந்தது. கோழி இப்போதைக்கு இல்லை. ஆகவே காஜா உண்டு. அவள் இல்லாத நாளில் கூலிக்குக் காஜா எடுத்த பையனை, அவள் வந்ததுமே நிறுத்திவிட்டிருந்தார். அன்று முதல் சட்டைகள் பொத்தான் துளை இல்லாமல் குவிந்து கிடந்தன. மிஷினில் உட்கார்ந்து ஒன்றை முடித்தார். திரைக்கு மேலாக எறிந்தார்.

சட்டை திரைக்கு மேலாகவே திரும்பி வந்து அவர் தலையில் விழுந்தது.

“என்னடி இது?”

“காஜா எடுக்கணும்” என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

“அதுக்குத்தானே போட்டேன்.”

“நீங்க எடுங்க.”

“நான் காஜா எடுத்தா தைக்கறது யாரு? வெளிய ஆள் நிக்கறான்.”

“நிக்கட்டும்.”

“புதுக் குஞ்சு முட்டை போடற வரைக்கும்தானே கேக்கறேன். முட்டை வர்ற வரைக்கும் எடுக்கறேன்னு நீதானே சொன்ன?”

திரை விலகியது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

“சொன்னேன். முட்டை வந்துடுச்சுன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க. என் தம்பிக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. அவன் டீ கூட போட்டுக் குடுத்திருக்கான். அன்னையோட நான் ஊசியை வச்சாச்சு.”

அவசரம் வாயைத் திறந்தார். அன்று முட்டை வரவில்லை என்று சொன்னால்தான் இந்தச் சட்டை அவள் மடிக்குப் போகும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடை வாசலில் நின்ற ஆள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஊசிப் பெட்டியையும் நூல்கண்டையும் மிஷின் மேல் வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் போனாள்.

அவர் ஊசியை எடுத்தார். நூல் முனையை நாக்கில் நனைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கோக்கப் பார்த்தார். நூல் பக்கத்தில் போயிற்று. மறுபடி நனைத்தார். மறுபடி பக்கத்தில் போயிற்று.

“என்னங்க, சட்டை இன்னைக்குத்தானே சொன்னீங்க?” என்றான் வாசலில் நின்றவன்.

“அவசரப்படுத்தாதய்யா!” என்று சீறினார் அவர்.